எல் ரீனோ, 2013 மே 31: கண்ணில் பட்ட புனலும் படாத டொர்னாடோவும்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத் தலைநகருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் அளவில் எல் ரீனோ என்ற சிற்றூர் இருக்கிறது. 2013 மே 31 மாலை 6.03 மணிக்கு அவ்வூருக்குத் தென்மேற்கே, திறந்த வயல்வெளியில் ஒரு டொர்னாடோ, அதாவது சுழல்காற்று, உருவானது. நாற்பது நிமிடம் நீடித்து, 26 கிலோமீட்டர் ஓடி, 6.43க்கு அடங்கியது. உச்சத்தில் அதன் அகலம் 4.2 கிலோமீட்டர். அமெரிக்காவின் அதிகாரபூர்வப் பதிவுகளில் இதைவிட அகன்ற டொர்னாடோ கிடையாது.

அத்தனை பெரிய ஒன்றைக் கண்முன்னே வைத்துக்கொண்டு பார்க்காமல் விட முடியுமா என்று கேட்கத் தோன்றும். அன்று அந்த வயல்களுக்கு நடுவே காரோட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர், ஆண்டுக்கணக்காக டொர்னாடோக்களைத் துரத்திப் பழகியவர்கள். கையில் கேமராவும் பக்கத்தில் ரேடார் படமும் இருந்தன. அவர்களிலேயே சிலர், டொர்னாடோவிலிருந்து தள்ளித்தான் இருக்கிறோம் என்று எண்ணியபடி அதன் காற்றுக்குள் போய் மாட்டிக்கொண்டார்கள். ‘டொர்னாடோ திடீரென்று பெரிதாகிவிட்டது’ என்று பிறகு செய்திகளில் வந்தது. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அவர்கள் எதைப் பார்த்து டொர்னாடோவின் எல்லையைக் கணித்தார்கள் என்பதில் இருக்கிறது.

புனல் மேகம் எப்போது தெரியும்?

டொர்னாடோ என்பது தரையைத் தொட்டபடி வேகமாகச் சுழலும் காற்றுத் தூண். காற்றுக்கு நிறம் இல்லை. படங்களில் நாம் பார்க்கும் சாம்பல் நிறக் கூம்புக்குத்தான் புனல் என்று பெயர். அது அந்தக் காற்றுக்குள் உருவான நீர்த்துளிகளின் கூட்டம்; சுருக்கமாக, மேகம். சுழலின் நடுவில் அழுத்தம் சரிகிறது. உள்ளே இழுபடும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. குளிர்ந்து பனிநிலையை, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை, எட்டினால் அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. எட்டாவிட்டால் காற்று சுழன்றுகொண்டே இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குக்கர் விசிலின் வாயை உற்றுப் பார்த்தால், துளையை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். வெண்புகை அதற்கு அப்பால்தான் தொடங்கும். கையைச் சுடும் ஆவி அந்தத் தெரியாத இடத்திலும் இருக்கிறது.

கொஞ்சம் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். தரையருகே காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேகத்தின் அடித்தளம் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த மேகம் புனலாகத் தரைவரை இறங்க வேண்டுமானால், சுழலின் நடுவில் தரையிலுள்ள அழுத்தம் 600 மீட்டர் உயரத்தில் வழக்கமாக இருக்கும் அழுத்தத்துக்குச் சரிய வேண்டும். அது ஏறத்தாழ 65 முதல் 70 மில்லிபார் சரிவு. சரிவு 30 மில்லிபாரோடு நின்றுவிட்டால் புனல் பாதி வழிகூட வராது. அதன் நுனி தரைக்கு 300 மீட்டருக்கும் மேலே தொங்கும். ஆனால் பாடப்புத்தகங்களில் வரும் எளிய சுழல் மாதிரியில் கணக்கிட்டால், அந்த 30 மில்லிபார் சரிவுக்கே காற்றின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. கூரையைப் பிய்த்தெறிய அது போதும். அண்ணாந்து புனலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பவர், இன்னும் கீழே வரவில்லை என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இது தோராயக் கணக்குதான். உண்மையான சுழல்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆனாலும் புனல் மேகத்தின் அளவைத் தீர்மானிப்பது காற்றின் வேகம் மட்டுமல்ல, அன்றைய ஈரப்பதமும்தான் என்பது இதிலிருந்து விளங்கும். வறண்ட காற்றில் வலுவான சுழலும் மேகமில்லாமல் இருக்கலாம். ஈரக் காற்றில் சோதா சுழலும் தரைவரை புனல் காட்டலாம். கொலராடோவின் உயர்ந்த சமவெளிகளில் மேகத்தளம் வெகு உயரத்தில் இருக்கும். அங்கே மேகத்தில் ஒரு சிறு கூர்கூட இல்லாமல், தரையில் எழும் புழுதித் தூணால் மட்டுமே தெரியவரும் டொர்னாடோக்கள் சகஜம். அந்தப் புழுதியும் மண்ணைப் பொறுத்தது. உழுத நிலத்தில் எழும், நனைந்த புல்வெளியில் எழாது.

அமெரிக்க வானிலைச் சங்கத்தின் கலைச்சொல் தொகுப்பு, அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் டொர்னாடோவை விளக்கும்போது, அது பல நேரங்களில் புனல் மேகமாகத் தெரியும், ஆனால் எப்போதும் அல்ல என்று குறித்து வைத்திருந்தது. விளக்கத்தின் வால் போல வரும் அந்த வரிக்கு எல் ரீனோவைவிடப் பெரிய உரை எழுத முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பாடம் எல் ரீனோ இருக்கும் அதே கனேடியன் மாவட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே படிக்கப்பட்டது. எல் ரீனோவுக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள யூனியன் சிட்டியை 1973 மே 24 அன்று ஒரு டொர்னாடோ தாக்கியது. ஆய்வாளர்கள் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை படம் எடுத்தார்கள். நார்மன் நகரிலிருந்த, காற்றின் வேகத்தையும் காட்டும் ஆய்வு டாப்ளர் ரேடாரும் அதே நேரத்தில் அந்தப் புயலைப் பார்த்துக்கொண்டிருந்தது. டொர்னாடோவின் ஆயுளைக் கட்டங்களாகப் பிரித்துப் பேசும் வழக்கம் பரவியதில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் கட்டம் புழுதிச் சுழல். மேலே குட்டையான புனல் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. கீழே தரையில் புழுதி சுற்றத் தொடங்கியிருக்கும். நடுவில் வெறும் வெளி போலத் தெரிவதும் டொர்னாடோதான். ரேடார் தரவைப் பின்னர் ஆராய்ந்தபோது, டொர்னாடோ தரையில் தெரிவதற்கு வெகு முன்பே மேகத்துக்குள் அதன் சுழற்சிக்கான தடயம் இருந்தது தெரியவந்தது. இன்றைய எச்சரிக்கை முறையின் வேர்களில் ஒன்று அந்தத் தடயம்.

அந்த நாற்பது நிமிடம்

எல் ரீனோவில் அன்று வறட்சி இல்லை. காற்று ஈரமாக, கனமாக இருந்தது. மேலே சொன்ன கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் தரைவரை கொழுத்த புனல் இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்காததற்குச் சுழலின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

குறுகிய டொர்னாடோவில் அழுத்தச் சரிவு முழுதும் நடுவில் குவிந்திருக்கும். அகன்ற டொர்னாடோவில் அது பரந்து கிடக்கும். அதற்குள் சிறுசிறு உட்சுழல்கள் தோன்றி, பெரிய வட்டத்தைச் சுற்றி ஓடி, சில நொடிகளிலோ நிமிடத்திலோ மறையும். சரிவு ஆழமாக இருப்பது அந்த உட்சுழல்களின் நடுவில்தான். அதனால் மேகமும் அங்கங்கே மட்டும் உருவாகிறது. எல் ரீனோவின் தொடக்க நிமிடங்களை எடுத்த படங்களில் இதைப் பார்க்கலாம். தாழ்ந்து, இருண்டு, அகலமாகத் தொங்கும் மேகத்தளம். அதன் கீழே ஒரு மெல்லிய கூம்பு எழுகிறது, சாய்கிறது, காணாமல் போகிறது. சற்றுத் தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் இடையே தொடுவானம் தெளிவாகத் தெரிகிறது. பார்ப்பவர்கள் அவற்றைத் தனித்தனிச் சிறு டொர்னாடோக்களாக எண்ணத்தான் செய்வார்கள். உண்மையில் கூம்புகளும் அவற்றுக்கு இடையே தெரிந்த தொடுவானமும் எல்லாம் சேர்ந்ததே டொர்னாடோ.

பிறகு மழை வந்து போர்த்தியது. புயலின் பின்புறத்திலிருந்து சுற்றிவந்த மழைத்திரைகள் சுழலை மூடிக்கொண்டன. வடக்கிலிருந்து பார்த்தவர்களுக்கு விளிம்பே இல்லாத வெளிர்சாம்பல் சுவர் மட்டும் தெரிந்தது. அது பெருமழையா, டொர்னாடோவா என்று கண்ணால் பிரிக்க வழியில்லை. பெயர்பெற்ற 4.2 கிலோமீட்டர் அகலமும் யாரும் கண்ணால் அளந்தது அல்ல. நகரும் ரேடார்கள் பதிவு செய்த காற்று வேகத்தை வைத்து வரையப்பட்ட எல்லை அது. ஒளிப்படத்தில் தெரிந்த பகுதி அதில் சிறு பங்குதான்.

தொடக்கத்தில் தென்கிழக்காகவும் கிழக்காகவும் ஊர்ந்த டொர்னாடோ, அகன்றுகொண்டே வடகிழக்காகத் திரும்பி வேகம் எடுத்தது. சாதாரணமாகப் புனல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து வண்டியைத் திருப்பலாம். இங்கே கண்ணில் பட்டவை உட்சுழல்கள். அவை பெரிய வட்டத்தில் சுற்றியபடி, சில கணங்களில் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவு வேகத்தில் இடம் மாறின. வட்டத்தின் இன்னொரு பக்கம் போனால் நின்றுவிட்டது போலத் தோன்றின. அவற்றைப் பார்த்து முழு டொர்னாடோவின் திசையைச் சொல்வது யாராலும் ஆகாத காரியம்.

டிம் சமாராஸ், அவருடைய மகன் பால், உடன் பணியாற்றிய கார்ல் யங் மூவரும் அன்று எல் ரீனோவின் தெற்கே ஒரு சிறிய செவ்ரோலே காரில், கிழக்கு மேற்காக ஓடும் மண்சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வட்டாரத்தில் சாலைகள் ஒரு மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டது போல் இருக்கும். இணையாக ஓடும் சாலையில் டொர்னாடோவோடு கூடவே போய் முன்னால் முந்துவது துரத்துபவர்களின் வழக்கம். இவர்கள் அதன் வடபுறம் இருந்தார்கள். அது இடப்பக்கம் திரும்பியபோது இவர்கள் இருந்த சாலை அதன் பாதைக்குள் வந்துவிட்டது.

அதே சாலையில் முன்னால் போன இன்னொருவரின் காரில், பின்புறம் நோக்கிய கேமரா ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவில் இவர்களுடைய காரின் முகப்பு விளக்குகள் தெரிகின்றன. விளக்குகளுக்கும் கேமராவுக்கும் இடையே தூரம் கூடுகிறது, மழை தடிக்கிறது, ஒரு கட்டத்தில் விளக்குகள் அதற்குள் மறைந்துபோகின்றன. படங்களில் வரும் புனல் எதுவும் அந்தச் சட்டகத்தில் இல்லை. 6.23 மணி அளவில் ஓர் உட்சுழல் காரைத் தாக்கியது. மூவரும் இறந்தார்கள்.

டிம் சமாராஸ் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஒரு பொறியாளர். டொர்னாடோவின் பாதையில் தரையோடு தரையாக வைக்கக்கூடிய தட்டையான அளவுக்கருவிகளைத் தானே வடிவமைத்தவர். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற குக்கிராமத்துக்கு அருகே அப்படி ஒரு கருவியை வைத்துவிட்டு விலகினார். டொர்னாடோ அதன்மேல் நேராகவே ஏறிப் போனது. கருவி 100 மில்லிபார் சரிவைப் பதிவு செய்தது. அதற்கு முன் யாருக்கும் கிடைக்காத அளவீடு அது. அவ்வளவு சரிவில் காற்று 9 டிகிரி குளிரும். அன்று புனல் தரைவரை தடித்துத் தெரிந்ததில் வியப்பில்லை. புனலை உண்டாக்கும் அழுத்தச் சரிவை உலகில் எவரையும்விட நெருங்கி அளந்தவர், புனல் அடையாளம் காட்டாத ஒரு டொர்னாடோவில் உயிரிழந்தார். அவரை அவசரக்காரர் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எச்சரிக்கையோடு தொழில் செய்பவர் என்றுதான் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர். அவர் நம்பியிருந்த காட்சிக் குறிகள் அன்று வேலை செய்யவில்லை.

மற்றவர்களுக்கும் அதே கதைதான். வானிலைத் தொலைக்காட்சி ஒன்றின் வண்டி தூக்கி வீசப்பட்டு உருண்டது. உள்ளே இருந்தவர்கள் காயங்களோடு பிழைத்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் டொர்னாடோவைப் பார்க்கப் போய் இறந்தார். டொர்னாடோவில் நேரடியாக இறந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேருமே வண்டிகளில் இருந்தவர்கள்.

பதினொரு நாள் முன்பு, மே 20 அன்று, அதே பெருநகர்ப் பகுதியில் மூர் நகரை ஒரு டொர்னாடோ நாசமாக்கி 24 பேரைக் கொன்றிருந்தது. அந்தப் பயம் ஆறுவதற்குள் இது வந்ததால், ஓக்லஹோமா நகரவாசிகள் ஆயிரக்கணக்கில் காரெடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் நகராமல் நின்றன. டொர்னாடோ நகருக்கு முன்பே அடங்கிவிட்டது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. அடங்கிய பிறகும் அந்தப் புயல் கொட்டிய மழையில், வெள்ளத்தில் மட்டும் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் டொர்னாடோவுக்குப் பயந்து வடிகாலுக்குள் ஒதுங்கியவர்களும் இருந்தார்கள்.

அளவுகோலுக்கும் தெரியவில்லை

ஹோவர்ட் புளூஸ்டைன் தலைமையிலான ஓக்லஹோமா பல்கலைக்கழகக் குழு, லாரியில் பொருத்திய ரேடாருடன் அன்று களத்தில் இருந்தது. ஒரு முழுச் சுற்றை 2 விநாடியில் முடிக்கும் கருவி அது. தரையிலிருந்து சிறிது உயரத்தில், உட்சுழல்களுக்குள் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று வேகத்தை அது பதிவு செய்திருந்தது. அதன் அடிப்படையில் தேசிய வானிலைச் சேவை, டொர்னாடோக்களின் வலிமையை வகைப்படுத்தும் இ.எஃப். அளவுகோலில் முதலில் இ.எஃப்.3 என்று குறித்த டொர்னாடோவை ஜூன் முதல் வாரத்தில் உச்ச வகையான இ.எஃப்.5க்கு உயர்த்தியது. ஆகஸ்டில் மறுபடி இ.எஃப்.3க்கே இறக்கியது.

காரணம் எளிது. அந்த அளவுகோல் காற்றை அளப்பதில்லை, சேதத்தை அளக்கிறது. எந்த வீடு எப்படி இடிந்தது, எந்த மரம் எப்படி முறிந்தது என்று பார்த்துக் காற்று வேகத்தை ஊகிக்கிறது. எல் ரீனோவின் பாதையில் பெரும்பாலும் வயல்கள். மிக வேகமான காற்று வீசிய இடங்களில் இடிவதற்கு ஒன்றும் இல்லை. இ.எஃப்.3 என்றால் மணிக்கு சுமார் 220 முதல் 265 கிலோமீட்டர் வரை. ரேடார் கண்டது ஏறத்தாழ இரு மடங்கு. விதிப்படி பார்த்தால் இறக்கியது சரி. பழைய பதிவுகளோடு ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும் என்ற வாதத்திலும் பொருள் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இ.எஃப்.3 என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் வாசகருக்கு அது பொய்யான தகவலையே தருகிறது. கண் துளிகளையும் புழுதியையும் எதிர்பார்க்கிறது, அளவுகோல் கட்டடங்களை எதிர்பார்க்கிறது. அன்று இரண்டுக்கும் போதிய அளவு கிடைக்கவில்லை.

அன்று யாருக்கு எது எப்போது தெரிந்தது என்பதைத் தொகுக்கும் வேலையை ஆன்டன் சைமன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் மேற்கொண்டார்கள். துரத்துபவர்கள் பலர் எடுத்த வீடியோக்களைக் கேட்டுப் பெற்றார்கள். ஒவ்வொரு கேமராவின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டும் என்பதால், வானில் வெட்டிய மின்னல்களைப் பொது அடையாளமாக வைத்து எல்லா வீடியோக்களையும் நேரத்தில் பொருத்தினார்கள். ஒரே நொடியில் தெற்கிலிருந்து பார்த்தவருக்குக் கூம்பு, வடக்கிலிருந்து பார்த்தவருக்கு மழைச்சுவர், இன்னொருவருக்கு வெறும் இருட்டு என்று பிரித்துக் காட்ட அதனால் முடிந்தது. எனக்குத் தெரிந்து ஒரு டொர்னாடோவின் தோற்றம் இத்தனை பக்கங்களிலிருந்து முன்னெப்போதும் பதிவானதில்லை.

அந்தப் படங்கள் ரேடார்காரர்களுக்கும் ஒரு சிக்கலைக் கொடுத்தன. ஜானா ஹவ்ஸர் என்ற ஆய்வாளர் தம்முடைய ரேடார் தரவை அவற்றோடு ஒப்பிட்டார். ரேடார் முதன்முதலில் டொர்னாடோவைக் கண்ட நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே அது தரையில் இருப்பதைப் படங்கள் காட்டின. ரேடாரில் பிழையில்லை. வழக்கமாக ஒதுக்கிவிடும், தரையை ஒட்டிய கீழ்மட்டத் தரவை எடுத்துப் பார்த்தபோது சுழற்சி அங்கே முதலிலேயே இருந்தது. ரேடார் லாரி சற்று மேடான இடத்தில் நின்றதால் மரங்களும் கம்பங்களும் மறைக்காமல் அந்தத் தரவு கிடைத்திருந்தது. 2018 டிசம்பரில் வெளியிட்ட முடிவில், தாம் ஆராய்ந்த நான்கு டொர்னாடோக்களில் எதுவுமே மேகத்திலிருந்து கீழே இறங்கி வந்ததாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னார். புனல் மேலிருந்து கீழே வளர்வது போலத் தெரிவது, ஈரம் மேலேதான் முதலில் துளியாகிறது என்பதனால். காற்று அந்த வரிசையில் வளர வேண்டிய கட்டாயம் இல்லை.

எச்சரிக்கை விடும் அலுவலகங்களுக்கு இது தொல்லைதான். அவை நம்பியிருக்கும் நிலையான ரேடார்களின் கதிர், பூமியின் வளைவினாலும் கதிரின் சாய்வினாலும் தூரம் கூடக்கூட மேலே ஏறிவிடும். எல் ரீனோ போன்ற தூரத்திலேயே அது தரைக்குப் பல நூறு மீட்டர் மேலேதான் பார்க்கிறது. மேகமே இல்லாத முதல் நிமிடங்களில் தரையில் நடப்பது அந்த ரேடாருக்கும் தெரியாது, வாசலில் நிற்பவருக்கும் தெரியாது. ஆகவே டொர்னாடோ உறுதியாகும்வரை காத்திராமல், மேகத்துக்குள் வலுவான சுழற்சி தெரிந்ததுமே எச்சரிக்கை விடுகிறார்கள். அமெரிக்காவில் விடப்படும் டொர்னாடோ எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் பொய்த்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே போய்ப் பார்த்துவிட்டு, புனல் எதையும் காணவில்லை என்று திரும்பி வருபவர்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.